காயாத பித்தளைக் கூடுகள்

போன ஞாயிற்றுக்கிழமை மழை ஓயாத எங்கள் மலையூர் றொசல்லயில் வெயில் அடித்தது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் இல்லை.

என் சமையலறை மேசையில் ஒரு வரிசை பித்தளைக் கூடுகள் கவிழ்ந்து நின்றன. சுட்டு முடித்த தோட்டாக்களின் வெற்றுக் கூடுகள். கழுவிக் காயவைத்து, புது வெடிமருந்தும் ஈயமும் அடைத்தால் மறுபடி தோட்டா.

கழுவுவதற்கு ஒரு முறை உண்டு. (எதற்குத்தான் இல்லை? ஆயுள் முழுக்கத் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவனிடம் கேட்கிறீர்களே!) கரி கழல இளஞ்சூட்டுப் புளித்தண்ணீரில் ஊறவேண்டும். அதிகம் ஊறினால் பித்தளை சிவந்து வலுவிழந்துவிடும். உள்ளே போத்தல் பிரஷ். பிறகு வெந்நீர் அலசல். அடுப்பில் மட்டும் காட்டக்கூடாது, பித்தளை இளகிவிடும். தானாகக் காயவேண்டும்.

இந்த ஊரில்... தானாக!

ஒருமுறை அரைகுறையாகக் காய்ந்ததில் மருந்தை அடைத்துக் கொடுத்துவிட்டேன். மறுவாரம் மாரிமுத்து வந்து சொன்னார்: "புஸ்ஸுன்னுச்சுங்க ஐயா. பன்னி ஓடக்கூட இல்ல. திரும்பி என்னைப் பாத்துச்சு... பாவம்னு."

மாரிமுத்து தோட்டத்துக் காவல்காரர். காட்டுப்பன்றி விரட்ட மேனேஜர் தொரை அவரிடம் துப்பாக்கி கொடுத்திருக்கிறார். தோட்டாவுக்கு நான். ஞாயிறுதோறும் வெற்றுக் கூடுகளோடு ஏறி வருவார். அடைத்ததை வாங்கிப் போவார். நடுவில் ஒரு பிளேன்டீ, கொஞ்சம் தொழிலாளர் லயத்துக் கதை. மனைவி போன பிறகு மற்ற ஆறு நாளும் இந்த வீட்டில் பேசுவது ரேடியோ மட்டும்தான். சில சமயம் அதற்கு நான் பதிலும் சொல்கிறேன்.

சென்ற மாதம் அவர் ஒரு புதுப் பெட்டியைக் காட்டினார். கடதாசிக் கூடு போட்ட ரெடிமேட் தோட்டா.

"தொரை கொழும்புலருந்து எடுப்பிச்சிட்டாருங்க. சுட்டுட்டு வீசிறலாம். கழுவுற வேலையே இல்ல. இந்தப் பித்தளைதான் கடைசிங்க. எப்ப வரட்டும்?"

"காயட்டும். அடுத்த ஞாயித்துக்கிழம வாய்யா."

அடுத்த ஞாயிறு வந்தார். காயவில்லை என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் அதையே சொன்னேன். மழை எனக்குச் சாட்சி சொன்னது. உண்மையில் அவை எப்போதோ காய்ந்துவிட்டன. அடைத்துக் கொடுத்துவிட்டால் அந்த மனுஷன் இந்த ஏற்றத்தை எதற்காக ஏறவேண்டும்?

அப்புறம்தான் இந்த வெயில். லயத்தில் கம்பளிகளெல்லாம் வெளியே வந்துவிட்டன. மேசைமேல் கூடுகள் கோயில் குத்துவிளக்கு மாதிரி மின்னின. சாட்சி பல்டி அடித்துவிட்டது!

மாரிமுத்து உள்ளே வந்தார். ஒரு கூட்டை எடுத்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பன்றி அவரைப் பார்த்தது இப்படித்தான் இருந்திருக்கும்.

"உள்ள கரி இருக்குங்களே ஐயா."

"கரியா? நான் கழுவினதிலயா?"

"வயசாச்சுல்ல, கண்ணு தெரிஞ்சிருக்காது."

என் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

அவர் எல்லாக் கூடுகளையும் வாரி, வாளித் தண்ணீருக்குள் ஒவ்வொன்றாகப் போட்டார்.

"இனி இது காய ஒரு வாரமாவுங்க. தேத்தண்ணி போடலியா?"

கழுவும் முறையில் இந்தக் கடைசி அலசல் இல்லை... சேர்த்துக்கொண்டேன்.