பிளாஸ்டர் ஒட்டிய கீபோர்டு

என் மனைவியின் விரலை எங்கள் வீட்டுப் போன் மதிப்பதே இல்லை. இருபத்தைந்து வருடம் கொழுந்து பறித்த விரல். நுனியில் தேயிலைக் கறை ஏறி, தோல் தடித்துக் காய்ந்திருக்கும். அவள் திரையைத் தொட்டால் ஒன்றும் நகராது. எச்சில் தொட்டு அழுத்தினால் நாலு எழுத்து ஒன்றாக விழும். "மனுசர் தொட்டாத்தான் வேல செய்யுமாம். நான் என்ன பேயா?" என்று போனைக் கட்டிலில் போட்டுவிடுவாள்.

அதனால் கொழும்பில் புடவைக் கடையில் வேலை செய்யும் மகளுக்கு, மனைவி என் காதோடு சொல்லச் சொல்ல நான்தான் எழுதி அனுப்புவேன். வாயால் பேசினால் என்ன என்று கேட்பீர்கள். நாங்கள் இருப்பது தோட்டத்து லயத்தில்; வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே இருக்கும் சுவர் கூரை வரை போகாது. ஒரு தடவை கால் வலிக்கிறது என்று குரலில் பதிந்து அனுப்பினாள். மகள் அதைக் கேட்பதற்குள் நாலாவது காம்பரா அக்கா நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றார். அதற்குப் பிறகு போனில் "சாப்பிட்டியா புள்ள" என்பதற்கு மேல் அவள் வாய் திறப்பதில்லை.

என் எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேயிலைப் பெக்டரியில் எனக்குக் கொழுந்து உருட்டும் மெஷினில் வேலை. ஆனால் லயத்தில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

போன வருடம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது மனைவி, "ரெண்டு தீவாளியா வரல. இந்தத் தடவையும் வராட்டி நான் பேசவே மாட்டேன்னு எழுதுங்க" என்றாள். பிள்ளையை ஏன் சங்கடப்படுத்துவது? "வேலைதான் முக்கியம். வர இயலாவிட்டால் மனம் வருந்த வேண்டாம். யாவரும் நலம். இப்படிக்கு அம்மா" என்று எழுதினேன். முந்தைய இரண்டு வருடமும் இதே வாசகம்தான்.

"சரிம்மா, அப்ப இந்த வருசமும் வரல" என்று வந்த மகளின் பதிலைக் காதோடு படித்துக் காட்டினேன். மனைவி போனை என் கையிலிருந்து பிடுங்கி, மேலே இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இத யாரு சொன்னா?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"மனு எழுதுற கொழுப்பு! இனிமே நீங்க எழுத வேணாம். நானே எழுதுறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் டவுனில் ஒரு போன் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் அவள் விரலைப் பார்த்துவிட்டு, "பழைய பட்டன் போன் தரவா அக்கா?" என்றார்.

"அதுல மக போட்டோ தெரியுமாங்க தம்பி?"

கடைக்காரர் யோசித்துவிட்டு, வயரில் போனோடு மாட்டுகிற ஒரு சின்னக் கீபோர்டை எடுத்து வைத்தார். அதில் இங்கிலீஷ் எழுத்துதான் இருந்தது. போனில் என்னவோ மாற்றித் தமிழ் விழும்படி செய்து, எந்தக் கட்டையில் எந்த எழுத்து என்று தாளில் எழுதித் தந்தார். வீட்டில் காயத்துக்குப் போடும் பிளாஸ்டரைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, பேனாவால் அவளே எழுதினாள். நான் எழுதித் தருகிறேன் என்றதற்கு ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

மலையில் கொழுந்து எடுப்பதுபோலவே இரண்டு கையாலும் அடித்தாள். மூன்று நாளில் எழுத்து இருக்கும் இடம் விரலுக்குத் தெரிந்துவிட்டது. கட்டை அவள் விரலுக்கு டக்கென்று பதில் சொன்னது. எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

நாலாம் நாள் வேலை விட்டு வந்ததும், "இஸ்தோப்புல போய் உக்காருங்க" என்றாள். நான் வெளித் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். உள்ளே டக் டக் சத்தம். லயத்தில் அதை மட்டும் யாராலும் ஒட்டுக்கேட்க முடியாது.

கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டுப் போனைக் காட்டினாள். "தீவாளிக்கு வா புள்ள. எனக்கு ஒன்னப் பாக்கணும்" என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே மகளின் பதில்: "லீவு கேக்குறேன்மா. நான் வராட்டியும் ஒங்களுக்கு ஒன்னுமில்லன்னு நெனச்சேன். ஏன் இவ்வளவு நாளா கூப்புடல?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு தீபாவளி அந்தப் பிள்ளை இப்படி நினைத்துக்கொண்டா இருந்தது? மனைவி என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறாள் என்று நின்றேன். அவள் அடித்தாள்: "எனக்கு எழுத வரல. இப்பத்தான் வந்துச்சு."

"அனுப்பாத. அதக் கொஞ்சம் இங்கிட்டுக் குடு" என்றேன்.

அவள் எழுதியதை அழித்தேன். பிளாஸ்டரில் எழுத்தைத் தேடித் தேடி, "அப்பாதான் மாத்தி எழுதினேன். அம்மா ரெண்டு வருசமும் ஒன்ன வரச் சொன்னா" என்று அடித்தேன். வழக்கம்போல் காதோடு படித்துக் காட்ட வாயெடுத்தேன்.

"வேணாம், நானே படிக்கிறேன்" என்று வாங்கி, உதடு அசையப் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். பிறகு அனுப்புகிற கட்டையை அவளே அழுத்தினாள்.