வளையம் இல்லாத ஆள்

இது நடந்தது. ஒரு வரிகூட நான் சேர்க்கவில்லை. ரெமிஜியஸ் என் அக்கா பெர்னதெத்தின் கணவர். லீவு கேட்கக்கூட ஒழுங்காகப் பொய் சொல்லத் தெரியாத மனிதர். கதை கட்டும் சாமர்த்தியம் எல்லாம் அவருக்கு ஏது?

2003 நவம்பர். ஈஜிபுராவில் குடியிருந்துகொண்டு ஒரு கால் சென்டருக்கு குவாலிஸ் வண்டி ஓட்டினார். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட டிரைவர் இனி நைட் ஷிஃப்டுக்கு வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் இரண்டு கண்ணுக்கும் லேசர் செய்துகொண்டார். விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும், மூன்று வாரம் ராத்திரியில் வண்டியைத் தொடாதீர்கள் என்றார் டாக்டர். எட்டாம் நாளே சூப்பர்வைசர் சேஷகிரி போன் செய்துவிட்டார்.

“இன்னிக்கு வந்துடுப்பா. இல்லன்னா சாவியக் குடுத்துடு. வேற ஆளு ரெடியா இருக்கான்.”

“வேணாங்க... கண்ணு போச்சுன்னா?” என்றாள் அக்கா.

“வேல போச்சுன்னா?”

பாவம், கிளம்பிப் போனார்.

அதிகாலை 3.30. கடைசி டிராப். பின் சீட்டில் கால் சென்டர் ஊழியர் ஹரிஷ்குமார் மட்டும் அரைத் தூக்கத்தில் இருந்தார், தொம்மலூர் போக வேண்டும். தெருவிளக்கு ஒவ்வொன்றையும் சுற்றிப் பெரிய வளையம். வெளிச்சத்தில் வந்த நாய், பால் வண்டி, மனிதர்கள் எல்லாமே வெள்ளையாய்க் கலங்கித் தெரிந்தன. ஸ்டியரிங்கில் மார்பு இடிக்கக் குனிந்து, ஊர்ந்துகொண்டிருந்தார்.

3.38. நடுரோட்டில் ஒரு ஆள்.

மஞ்சள் மழைக்கோட்டு. வளையம் இல்லை, கலங்கல் இல்லை. மீசை முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

மழையே பெய்யவில்லை.

பிரேக்கை மிதித்தார். கிரீச்ச்ச்... ஹரிஷ்குமாரின் நெற்றி முன் சீட்டில் மோதியது.

“என்ன அண்ணா!”

“ஆளு சார்...”

“யாருமே இல்லையே!”

உண்மைதான். ரோடு காலி. ஹரிஷ்குமார் டிரிப் ஷீட்டை வாங்கி ரிமார்க் எழுதிவிட்டார். ஒரே ராத்திரியில் இரண்டு ரிமார்க் விழுந்தால் டிரைவரை மாற்றிவிடுவார்கள். இல்லாததைக் காட்டும் கண்ணை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது?

3.52. தொம்மலூர். ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த இடம்.

அதே ஆள். இன்னும் பக்கத்தில். கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை...

கால் பிரேக்குக்குப் போனது. பின்னால் ஹரிஷ்குமார் இருமினார்.

நிஜமாய் இருப்பதெல்லாம் கலங்கித் தெரிகிறது. இவன் தெளிவாகத் தெரிகிறான். அப்படியென்றால் இவன் இல்லை.

“ஏசுவே...”

மிதிக்கவில்லை.

மோதவில்லை. குலுங்கவில்லை.

டக்.

டிரைவர் பக்கக் கண்ணாடியில், ஒரே ஒரு தட்டு.

“கல்லு பட்டிருக்கும் அண்ணா,” என்றார் ஹரிஷ்குமார்.

3.58க்கு அவரை இறக்கிவிட்டார். 4.15க்கு மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதிருக்கிறார். அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

சாயங்காலம் பின் தெருவில் ஒரு சாவு. கோவிந்தப்பா, தொம்மலூரில் அந்தப் பள்ளத்துக்குக் காவல் பார்த்தவர். விடிகாலை 4.30க்கு, கொட்டுகிற மழையில், பள்ளத்தை நோக்கி வந்த லாரியை நிறுத்தக் குறுக்கே ஓடியிருக்கிறார். லாரி நிற்கவில்லை.

அக்காவோடு போன ரெமிஜியஸ், இறந்தவரின் முகத்தைப் பார்த்தார். அதே மீசை. வாசற்படியைப் பிடித்துக்கொண்டு, கோவிந்தப்பாவின் மனைவி சின்னத்தாயியிடம் கேட்டார்.

“மூணு அம்பதுக்கு... எங்கம்மா இருந்தாரு?”

“இங்கதான்ணா. அப்பதான் எழுப்பி டீ குடுத்தேன். நாலு மணிக்குத்தான் கெளம்பினாரு.”

அன்று நின்றிருந்தால்? இறங்கி, என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்? இதை அவர் என்னிடம் நூறு முறை கேட்டிருப்பார். எனக்கும் தெரியவில்லை.

மூன்று வாரத்தில் வளையங்கள் மறைந்தன. பார்வை பிரமாதம் என்றார் டாக்டர். அன்று சாயங்காலமே ரெமிஜியஸ் சேஷகிரியிடம் சாவியைக் கொடுத்துவிட்டார்.

“கண்ணுதான் சரியாயிடுச்சே?” என்று கேட்டேன்.

“அதான் மச்சான். இப்ப ரோட்டுல எல்லாருமே தெளிவா தெரியறாங்க.”