மூடி உடைக்காத குப்பி

என் மகளுக்கு ஆறு வயதிலேயே சர்க்கரை வியாதி வந்துவிட்டது. தினமும் இன்சுலின் ஊசி போட்டால்தான் உயிர். ஊசியை எடுத்தாலே என் கை நடுங்கும், அவள் அப்பாவுக்கு நடுங்காது. அதனாலேயே அவரை மலைபோல நம்பினேன்.

போன கோடையில் அவளுக்குச் சின்னம்மை போட்டது. நான் ஐந்து மாதக் கர்ப்பம், எனக்கு அம்மை வந்ததே இல்லை. கிட்டவே போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் திருவொற்றியூரில் அக்கா வீட்டுக்குப் போனேன். பழைய இன்சுலின் அன்றோடு தீர்ந்திருந்தது. புதுக் குப்பியை பிரிட்ஜில் வைத்து, காய்ச்சலில் ஊசியை மட்டும் நிறுத்தவே கூடாது என்று பத்துத் தடவை சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

வேளாவேளைக்கு போன் செய்தேன். "போட்டாச்சு, நீ பேஜார் ஆவாத" என்பார். மகளும் "போட்டாச்சும்மா" என்பாள். மூன்றாம் நாள் மதியம் அவள் பேசவில்லை, மூச்சு இரைக்கும் சத்தம்தான் கேட்டது. ஆட்டோ பிடித்தேன். டோல்கேட் நெரிசலில் நின்ற கண்டெய்னர் லாரிகளையெல்லாம் வாயில் வந்தபடி திட்டினேன்.

வாசலில் வேப்பிலைக் கொத்து. உள்ளே மகள் வாந்தி எடுத்து, நாக்கு உலர்ந்து, கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடந்தாள். பிரிட்ஜைத் திறந்தேன். குப்பியின் மூடி உடைக்கவே இல்லை.

"ஆத்தா வந்துகீது, அந்த ஒடம்புல ஊசி குத்தலாமா? இறங்கட்டும்னு வுட்டேன்" என்றார். "உன்னாண்ட சொன்னா கத்துவ. அதான் புள்ளையையும் போட்டாச்சுன்னு சொல்ல சொன்னேன்."

தெருவே கூடும்படி கத்தினேன். கத்திக்கொண்டேதான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

தீவிர சிகிச்சையில் நான்கு நாள் கிடந்து பிழைத்தாள். நல்லவேளை, எனக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் அம்மை தொற்றவில்லை. வேப்பிலை கட்டியதற்காக எனக்குக் கோபம் இல்லை, நானும் கட்டியிருப்பேன். ஆனால் என் பிள்ளையின் வாயாலேயே எனக்குப் பொய் சொல்ல வைத்தாரே, அதுதான் ஆறவில்லை.

இப்போதெல்லாம் ஊசி நான்தான் போடுகிறேன், கை நடுங்கினாலும். பக்கத்திலேயே நிற்பார். நேற்றுகூட, "ஒரு தபா என்னை நம்பேன்" என்றார்.

அந்த மூன்று நாளும் நான் நம்பிக்கொண்டுதானே இருந்தேன்.