பிலோமினா அக்காவின் செருப்பு

கோயில் வாசலானாலும் ஆஸ்பத்திரி வாசலானாலும் பிலோமினா அக்காவுக்கு முதல் வேலை ஒன்றுதான். சக்கர நாற்காலியில் இருந்தபடியே குனிந்து, தையல் கஜக்கோலால் வழியில் கிடக்கும் செருப்புகளை ஒதுக்குவார். "சோடி பிரிஞ்சா பாவம்லா" என்று ஜோடி பார்த்துத்தான் தள்ளுவார்.

அவர் காலிலும் செருப்பு உண்டு. தரையில் ஊன்றாத காலுக்கு எதற்கு என்று கேட்டால், "வெளிய கெளம்புனா செருப்பு போடாமயா வருவாக?" என்பார். சின்ன வயதில் போலியோ பறித்தது கால்களை மட்டும்தான். கையால் சுற்றும் மெஷினில் பள்ளிச் சீருடை தைத்துத் தைத்து, தோள்கள் இரண்டும் தோணிக்காரர் தோள்களாகிவிட்டன. அது அப்பா வழி. கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல், தோணிக்குத் தலைவர் அவர். ஊர் அருங்காட்சியகத்தில் அவர் படம் மாட்டியிருக்கிறது.

அந்த அருங்காட்சியகத்தின் திறப்பு விழாவன்று சாய்தளம் கட்டி முடியவில்லை. நாலு பேர் அக்காவை நாற்காலியோடு தூக்கிப் படியேற்றினார்கள். நல்ல மனசுக்காரர்கள்தான். ஆனால் வழியில் ஒரு செருப்பு நழுவி விழுந்தது. ஒற்றைச் செருப்போடு அப்பா படத்துக்கு முன்னால் போனவருக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெளியே வந்ததும் காவலாளி ஷாமிடம் சொன்னார்: "எங்கப்பா மூட்டை ஏத்திக் கடல் தாண்டுனவரு. அவரு முன்னால நானே மூட்டையா போயிட்டேன்ல." இனித் தன் கையால் ஏறிப் போனால்தான் அப்பாவைப் பார்ப்பது என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டார்.

போன ஞாயிறு பூசை முடிந்து மறுபடி அருங்காட்சியகத்துக்கு வந்தார். சாய்தளம் தயார். ஆனால் நம் ஊர்க்காரர்களை என்ன சொல்ல! உள்ளே பழைய மாதா சுரூபம் ஒன்று இருக்கிறது. யாரும் சொல்லாமலே எல்லா மதத்தாரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைகிறார்கள். கழற்றுவது எங்கே? நிழலாக இருக்கும் சாய்தளத்தில். நாற்காலி போகிற வழியெல்லாம் பக்தி குவிந்து கிடந்தது.

அக்கா கஜக்கோலை எடுத்தார். அதைப் பார்த்ததும் வந்தவர்கள் வெட்கப்பட்டு, தங்கள் செருப்பைத் தாங்களே எடுத்து வாசல்வரைக்கும் ஓரமாக அடுக்கினார்கள். நாற்காலியைத் தள்ளிவிடுவதற்கு ஷாம் ஓடிவந்தார்.

"ஏலே ஷாம், கைய எடு."

பாதி ஏறியதும் நாற்காலி பின்னுக்கு உருண்டது. நாலைந்து கைகள் நீண்டன. மறித்து நின்றது ஷாம்தான். அக்கா பல்லைக் கடித்துச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தள்ளினார். ஏறியே விட்டார். பார்த்தவர்களுக்கெல்லாம் தாங்களே ஏறினாற்போல் நெஞ்சு நிமிர்ந்தது.

ஷாம் கதவை அகலத் திறந்தார். உள்ளே நேர் எதிரே அப்பா படம். அக்கா உடனே நுழையவில்லை. குனிந்து, மண்ணே மிதிக்காத தன் இரண்டு செருப்புகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, எல்லாருடைய செருப்புகளோடும் வரிசையில் ஜோடியாக வைத்தார்.