கயிற்றுக்குப் போட்ட செருப்பு

ஷேக் பரீத் பாயின் வாயில் உண்மையே வராது என்று சொல்வது அபாண்டம். வரும். கேட்கிற ஆளைப் பார்த்துவிட்டுத்தான் வரும். கோயமுத்தூர் கோட்டைமேட்டில் பிறந்தவர், காங்கேயத்தில் லட்சுமணசாமியின் எண்ணெய் ஆலை லாரிக்கு லோடு கட்டிக்கொண்டிருந்தார். எண்ணெய் டின்களை அடுக்கி, மேலே கயிறு போட்டு இறுக்கி, அதே லோடின் மேல் ஏறி உட்கார்ந்து கோயமுத்தூர் வரை காவலாகப் போய் வருவது அவர் பிழைப்பு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் அந்தப் பிழைப்புக்கு ஒரு சோதனை வந்தது. டின்னின் விளிம்பு கத்தி மாதிரி. நார்க்கயிறு அதில் உராய்ந்து உராய்ந்து, பல்லடம் போவதற்குள் பாதி தேய்ந்துவிடும். இரண்டு தடவை அறுந்து எண்ணெய் ரோட்டில் ஓடியது. மூன்றாம் தடவை அறுந்தால் வேறு ஆள் வைத்துக்கொள்வேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். லட்சுமணசாமி கெட்ட மனிதர் அல்ல. ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

பாய் முதலில் சாக்கை மடித்து வைத்துப் பார்த்தார். பத்து மைலில் கந்தலானது. கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்துக் கிழிந்த தோல் பறியை வைத்தார். அது ஒவ்வொரு குழிக்கும் நழுவிக் கீழே விழுந்தது. கடைசியில், சந்தையில் யாரோ எறிந்துவிட்டுப் போன பழைய செருப்பு ஒன்று கண்ணில் பட்டது. எருமைத்தோல், மூன்று அடுக்கு. வாருக்குள் கயிற்றை நுழைத்து, அடித்தோல் விளிம்பில் படும்படி வைத்து இறுக்கினார். செருப்பு அசையவே இல்லை. இன்னும் ஐந்து பொறுக்கி, அடித்தோல் ஆணிகளைப் பிடுங்கினார். மூன்று கயிறு, ஆறு விளிம்பு, ஆறு செருப்பு. இரண்டு மாதம் ஒரு கயிறுகூட அறுபடவில்லை.

இத்தோடு மனிதர் வாயை மூடிக்கொண்டிருந்தால் இதை எழுதுகிற வேலை எனக்கு இருந்திருக்காது.

வெள்ளகோவில் லாரிக்காரர் சென்னகேசவன் ஒரு நாள் நிறுத்திக் கேட்டார்.

"ஏனுங்க பாய், லோடு மேல என்னத்துக்குங்க இத்தனை செருப்பு?"

தொழில் ரகசியத்தைச் சொல்லப் பாய்க்கு மனமில்லை.

"கண்ணு படாம இருக்கத்தானுங்க. ஒத்தைச் செருப்பா இருக்கோணுமுங்க. ஜோடி சேந்தா பலிக்காதுங்க."

புது வீட்டுக்கும் விளைந்த காட்டுக்கும் பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிடுகிற ஊரில் இதை நம்ப எவ்வளவு நேரம் ஆகும்? லாரிக்காரர்களும் வண்டிக்காரர்களும் பழைய செருப்புக்கு அலைந்தார்கள். அடுத்த சந்தைக்கு வந்தவர்களில் பலர் ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு வீடு போனார்கள். பாய் வயிறு வலிக்கச் சிரித்தார்.

செய்தி லட்சுமணசாமியின் காதுக்கும் போயிற்று. அவர் அதைத் தம் லாரியின் மகிமையாக எண்ணி, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலை லோடு கட்டி முடித்த வேளையில் வந்து நின்றார்.

"பாய், செருப்பைக் கயித்துக்கு அடியில ஒளிச்சு வெச்சா எவன் கண்ணுக்குத் தெரியும்? எல்லாத்தையும் எடுத்துப்போட்டு, பொறத்தால வரிசையா தொங்க உடோணும். இன்னைக்கு நானும் வாரேன். கோயமுத்தூர் யாவாரிக பாக்கட்டும்."

எடுத்தால் கயிறு அறுந்து வேலை போகும். உண்மையைச் சொன்னால், முதலாளியை ஊர் சிரிக்க வைத்ததற்காக வேலை போகும். பாய் கயிற்றைத் தளர்த்தி ஆறையும் உருவிக் கொடுத்தார். முதலாளி தம் கையாலேயே நடுநடுவே எலுமிச்சம்பழம் கோத்து, லாரியின் பின்னால் தொங்கவிட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

டிரைவர் கோவிந்தராஜுலுவுக்கு எல்லாம் தெரியும். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இப்ப என்னங்க பண்ணுவீங்க?" என்றார். வேறு செருப்பு தேடலாம் என்றால், பாய் விட்ட புளுகால் ஊரில் ஒரு பழைய செருப்பு மிச்சமில்லை.

பாய் குனிந்து தம் கால்களைப் பார்த்தார். பக்ரீத்துக்கு மனைவி உம்மல் குல்சும் ஆசையாக வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பு. அழுகை வந்தது. கத்தியை எடுத்து ஒவ்வொன்றையும் மூன்று துண்டாக வெட்டி, கயிற்றோடு சணல் சுற்றிக் கட்டினார்.

பல்லடத்தில் வண்டி நின்றது. சித்திரை வெயில். "இறங்கி வாங்க பாய், மோர் குடிங்க" என்று முதலாளி கூப்பிட்டார். இறங்கிய பாய் சூடு தாங்காமல் காலை மாற்றி மாற்றிக் குதித்தார்.

"புதுச் செருப்பு எங்கீங்க பாய்?"

பாயின் கண் லோடுக்குப் போயிற்று. லட்சுமணசாமியும் அங்கே பார்த்தார். கிட்டே போய்க் கயிற்றைத் தடவினார். தோல் துண்டைப் பாதி வரை டின் விளிம்பு வெட்டியிருந்தது. கயிறு முழுசாக இருந்தது.

"இதுக்குத்தானுங்களா செருப்பு?"

"ஆமாங்க மொதலாளி. கண்ணு படறதெல்லாம் நான் சும்மா சொன்னதுங்க."

"நான் ஊரெல்லாம் சொல்லிப்போட்டேனே."

"தெரியுமுங்க."

லட்சுமணசாமி குனிந்து தம் செருப்பைக் கழற்றினார். பல்லடம் கடைவீதியில் செருப்படி வாங்க வேண்டும் என்று தலையில் எழுதியிருக்கிறது என்று பாய் கண்ணை இறுக மூடிக்கொண்டார். டிரைவர்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது செருப்பு இரண்டும் அவர் காலடியில் ஜோடியாகக் கிடந்தன. முதலாளி வெறுங்காலோடு லாரியைப் பார்த்துக் குதித்துக் குதித்துப் போய்க்கொண்டிருந்தார்.

"நாளைக்கும் நீங்கதான் லோடு கட்டோணும் பாய். பொறத்தால தொங்கறது அப்படியே தொங்கட்டும், யாருகிட்டயும் மூச்சு உடாதீங்க. என் செருப்பைக் கால்ல போட்டுக்குங்க. வெட்டிப்போடாதீங்க."