எதுல வந்தே?

மழை நாளில் நம் ஏரியா மேப்பைத் திறந்தால் முதலில் ஏன் "எதுல வந்தே?" என்று கேட்கிறது என்றீர்களே பிள்ளைகளே, அது உங்கள் அம்மாவால் வந்த கேள்வி.

எந்த ரோட்டில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று காட்டும் அந்த மேப்பைக் கம்ப்யூட்டரில் செய்தது பக்கத்து வீட்டு அக்கா. எந்த பட்டன் எங்கே, அதில் என்ன வார்த்தை என்பதற்கு மட்டும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தது. நான் பத்தாவது வரைதான். கல்மண்டபம் ஏரியாவில் கடை போட்டு போன் ரிப்பேர் பார்க்கிறவன். அடிக்கணக்கு வேண்டாம், மழையில் யார் அளக்கப் போகிறார்கள் என்று பேசி, மூன்று பட்டன் வைத்தோம்: கணுக்கால், முட்டி, இடுப்பு. ரோட்டைத் தொட்டு ஒன்றை அழுத்தினால், அழுத்தியவர் பேரோடு எல்லோருக்கும் தெரியும்.

அம்மா தினமும் காலையில் ஸ்கூட்டரில் இட்லி அண்டாவைக் கட்டிக்கொண்டு, துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கும் ட்ரெய்லர் டிரைவர்களிடம் விற்கப் போவாள். வண்டி நின்றால் இட்லி வீட்டுக்கே திரும்பும். அன்றைய பிழைப்பு போச்சு.

அன்றைக்கு மேப் 'கணுக்கால்' என்றது. நம்பிப் போனாள். பாதி ரோட்டில் சைலன்சருக்குள் தண்ணீர் ஏறி வண்டி நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டே வீடு வந்தாள், அண்டா நிறைய இட்லியோடு.

"இன்னாய்யா மேப்பு இது? கணுக்கால்னு போட்டுகீது, எனக்குத் தொடை வரைக்கும் தண்ணி!"

அதை அழுத்தியது அவளிடம் தினம் சாப்பிடுகிற ஒரு டிரைவர்தான். போன் போட்டாள்.

"கேபின்ல குந்திகினு பாத்தேன்க்கா. கீய எறங்கல. மேலேர்ந்து அவ்ளோதான் தெரிஞ்சிது."

"மேல குந்திகினு பாத்தா கடலே கணுக்கால்தான் நைனா! இன்னிக்குப் பட்டினி கெட."

சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. அப்புறம் லேப்டாப்பைத் திறந்தது. கணுக்கால், முட்டி என்ற பட்டன்களை என்ன செய்வது என்று நாங்கள் யோசிக்க, அம்மா ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே, "எதுல வந்தேன்னு மொதல்ல கேளு" என்றாள்.

அப்படியே வைத்தோம். ட்ரெய்லர், ஆட்டோ, ஸ்கூட்டர், நடை என்று படங்கள். உன் வண்டியைத் தொட்டால் அது பெரிதாகும்; தண்ணீர் எதுவரை வந்ததோ அந்த இடத்தைத் தொட வேண்டும். ஸ்கூட்டர்காரருக்கு ஸ்கூட்டர்காரர் சொன்னதுதான் முதலில் தெரியும்.

அடுத்த மழையில் அம்மா ஸ்கூட்டர் படத்தைத் தொட்டாள். மெயின் ரோட்டில் யாரோ சைலன்சரைத் தொட்டு வைத்திருந்தார்கள். பின் தெரு வழியாகப் போனாள். எனக்குக் கடையில் வேலை ஓடவில்லை. ஒரு போனைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

வெயில் ஏறியதும் கடை வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அண்டாவுக்குள் கரண்டி உருளும் சத்தம் கேட்டது.

"காலி," என்றாள் அம்மா. "அந்தக் கணுக்காலு டிரைவரு ரெண்டு தபா வாங்கித் துன்னான்."