பதினொரு முட்டை கொண்ட பட்டாளத்துத் தொப்பி

அடைக்கோழியின் சூடும் துருவேறிய இரும்பும் சேர்ந்தால் ஒரு வாடை வரும். சென்ற மாதம் ஒரு போர் அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அகல விளிம்பு இரும்புத் தொப்பியைக் கண்டதும் அந்த வாடை என் மூக்கில் ஏறிவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் உலகப்போர் வரைபடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் அந்தத் தொப்பியில் எத்தனை முட்டை கொள்ளும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்று கொள்ளும். ஐம்பதுகளில், எங்கள் ஊர் எருத்தேன்பதியில், என் அம்மா வைத்தே பார்த்திருக்கிறாள்.

எங்கள் பக்கத்தில் கோழியை அடை வைக்கும்போது கூடையில் கரித்துண்டும் இரும்புத்துண்டும் போடுவார்கள். இல்லாவிட்டால் இடிச் சத்தத்தில் எல்லாம் பொரிக்காத "கூமுட்டை" ஆகிவிடுமாம். அந்த வருடம் கூடை பிய்ந்துபோயிருந்தது. பட்டாளத்திலிருந்து திரும்பிய மாமா, அம்மாவின் தம்பி, மாட்டுக் கொட்டகையான "கட்டுத்தறி"யில் மாடுகளுக்கு மேலே ஆணியில் மாட்டியிருந்த தொப்பியின்மேல் அம்மாவின் கண் விழுந்தது. அதை யாரும் தொடக்கூடாது என்பதுதான் வீட்டில் மாமா போட்ட ஒரே கட்டளை. "துண்டு இரும்புக்கே இடி அடங்குதுன்னா, முழு இரும்புல வெச்சா என்ன பண்ணீருமாம்?" என்று கேட்டுவிட்டு, மாமா பொள்ளாச்சிச் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, தொப்பியை வைக்கோல் பிரிமனைமேல் ஆடாமல் மல்லாத்தி, உமி பரப்பி, முட்டைகளை அடுக்கி, கோழியையும் ஏற்றிவிட்டாள்.

திரும்பி வந்த மாமா அதைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். வீடு இரண்டுபடப் போகிறது என்று நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"அது என்னுதில்லீங்க்கா," என்றார் மெதுவாக. "வேலாயுதன்னு என்ற கூட்டாளியோடது. அவன் ஊடு வந்து சேருல."

அம்மா பதறிப்போய் முட்டைகளை எடுக்கக் குனிந்தாள்.

"இருக்கட்டுமுங்க்கா. அதுக்குள்ளிருந்து நாலு உசுராச்சும் வெளிய வரட்டும்."

அதன்பிறகு முட்டைகள் பொரிக்க வேண்டுமே என்று வீடே தவம் கிடந்தது. இடி இடித்தாலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் மாமா, சித்திரை மாதத்துப் பிற்பகல் ஒன்றில் வானம் பிளந்தபோது, கொட்டகையிலேயே உட்கார்ந்து கோழியின் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தார். அது இரண்டு முறை கொத்தியும் கையை எடுக்கவில்லை. யார் யாரைத் தேற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது.

இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சுகள்! மாமா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அவற்றில் சேவலாக வளர்ந்த ஒன்றுக்கு வேலாயுதன் என்று பெயர் வைத்து, எந்த "நோம்பி" பண்டிகைக்கும் அதன்மேல் கத்தி படக்கூடாது என்று இரண்டாவது கட்டளையும் போட்டார். போகிறவர் வருகிறவரை எல்லாம் விரட்டிக் கொத்தி, அடாவடி செய்து, கிழவனாகித்தான் செத்தது அந்தச் சேவல்.

இன்று மாமா இல்லை. கட்டுத்தறி இருந்த இடத்தில் கார் நிற்கிறது. தொப்பி எங்கே போயிற்றோ தெரியாது. அருங்காட்சியகக் கண்ணாடிக்குக் கீழே "படைவீரர் ஒருவரின் தலைக்கவசம்" என்று மட்டும் எழுதியிருந்தது. அந்த ஒருவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். அந்தப் பெயரில் ஒரு சேவலாவது கிழவனாகும்வரை வாழ்ந்திருக்கலாம்.